வெப்பப் பம்பு: வீட்டு உபயோகமும் சீரமைப்பும்

வெப்பப் பம்பு என்பது வெளிக்காற்றிலோ நிலத்திலோ நீர்நிலையிலோ பரவிக் கிடக்கும் வெப்பத்தைக் கவர்ந்து, கம்ப்ரசரின் துணையால் அதன் வெப்பநிலையை உயர்த்தி, வீட்டினுள் சேர்ப்பிக்கும் யந்திரமாகும். குளிர்சாதனப் பெட்டியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஆயினும் அதில் கழிவாக வெளியேறும் வெப்பமே இதில் பிரயோசனமாகிறது. மின்சாரம் வெப்பத்தை உண்டாக்குவதற்கன்றி இடம் பெயர்ப்பதற்கே செலவாவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைப்பது சாத்தியமாகிறது. இவ்விகிதத்துக்குச் செயல்திறன் குணகம் என்று பெயர்.

வரலாறு: பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பிரசித்தி பெற்ற வில்லியம் தாம்சன், 1852-இல் இக்கருத்தை முன்வைத்தார். 1938-இல் ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகர மண்டபம், அருகே ஓடும் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பத்தைப் பெறும் பம்பினால் சூடாக்கப்பட்டது. இன்று ஸ்வீடன், நார்வே, பின்லாந்து முதலிய சீதப் பிரதேசங்களில் இச்சாதனம் இல்லங்களில் மிகுதியாகப் பயன்படுகிறது.

தத்துவம்: வெப்பம் எடுக்கப்படும் இடத்துக்கும் அது சென்று சேரும், வீட்டுக் குழாய்களில் ஓடும் நீருக்கும் இடையேயுள்ள வெப்பநிலை வித்தியாசம் குறையக் குறைய, பம்பின் பிரயாசையும் குறையும். வெளியே 0° செ. நிலவும்போது நீரை 55° வரை சூடாக்கினால் குணகத்தின் கோட்பாட்டு உச்சவரம்பு ஏறத்தாழ 6 ஆகும். 35° வரை மட்டும் சூடாக்கினால் ஏறத்தாழ 9. நடைமுறையில் இவற்றில் பாதியளவே எய்தக்கூடும் எனினும், தாழ்ந்த வெப்பநிலையின் அனுகூலம் இதனால் விளங்கும். தரையின் கீழ்க் குழாய் பதித்த வீடுகளும் அகன்ற ரேடியேட்டர்கள் உள்ள வீடுகளும் இப்பம்புக்கு மிக உகந்தவையாவது இக்காரணத்தாலேயே.

வெப்ப வளைகோடு: வெளிக்குளிருக்கு ஏற்ப நீரின் சூட்டை நிர்ணயிக்கும் இக்கட்டளையே சீரமைப்பின் மையமாகும். உதாரணமாக, வெளியே 10° உள்ளபோது 30°, -10° உள்ளபோது 45° என நீர் சூடாகும்படி இதனை அமைக்கலாம். கடுங்குளிரில் மட்டும் அறை குளிர்ந்திருந்தால் கோட்டின் சாய்வை உயர்த்துவதும், எக்காலமும் ஒரே அளவாகக் குளிர்ந்திருந்தால் கோடு முழுவதையும் மேலே நகர்த்துவதும் முறையாம். அப்போது முக்கிய அறைகளின் வால்வுகளை முழுமையாகத் திறந்து வைத்தல் அவசியம். வால்வுகளை மூடினால் நீரோட்டம் தடைப்பட்டு, பம்பு அடிக்கடி நின்று நின்று ஓடி, மின்சாரத்தை விரயமாக்குவதோடு தன் ஆயுளையும் குறைத்துக் கொள்ளும்.

இரவு நேரக் குறைப்பு: எண்ணெய்க் கொதிகலனுக்குப் பழகியவர்கள் இரவில் சூட்டை வெகுவாகத் தணித்து, விடியலில் உயர்த்துவது வழக்கம். வெப்பப் பம்பு மெதுவாகவே சூடேற்றுவதால், விடியலின் அவசரத்தில் நீரின் வெப்பநிலை உயர்வதும், ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பமே தரும் துணை மின் ஹீட்டர் இயங்கத் தொடங்குவதும் நேரிடக்கூடும். நன்கு வெப்பக் காப்பிட்ட வீட்டில் ஓரிரு டிகிரிக்கு மேற்பட்ட குறைப்பால் பெரும்பாலும் லாபமில்லை.

வெந்நீரும் உறைபனி நீக்கமும்: நீராட 45° முதல் 50° வரை போதுமானதே, ஆயினும் தொட்டியில் லெஜியோனெல்லா என்னும் கிருமி பெருகாதிருக்க, இடையிடையே நீரை 60° அளவுக்குச் சூடாக்க வேண்டும். ஈரமான குளிர்நாட்களில் வெளிப்புறச் சுருளில் படியும் உறைபனியை உருக்குவதற்காகப் பம்பு சிறிது நேரம் எதிர்த்திசையில் இயங்க, சுருளிலிருந்து வெண்ணிற ஆவி திரண்டெழும். இதைப் புகையென எண்ணி அஞ்ச வேண்டுவதில்லை.

எந்த மாற்றத்தையும் சிறு அளவில் செய்து, சுவரும் தரையும் அதற்கு இணங்கும்வரை ஓரிரு நாள் பொறுத்திருந்து பார்ப்பதே உத்தமம். சௌகரியத்துக்குக் குறைவு வராமல் நீரை எவ்வளவு தாழ்ந்த சூட்டில் ஓட விடலாமோ, அதுவே அவ்வீட்டுக்கு உரிய சரியான அமைப்பாகும்.