வில் முறிந்த ஓசை

வில்லிபாரதத்தில், துரியோதனனிடம் பழிச்சொல் கேட்ட விதுரன் அவை நடுவே தன் வில்லை முறித்தெறிகிறான். அதனால் போர் நிற்கவில்லை. ஆயினும் இனி அவன் துரியோதனனுக்காகப் போர் செய்யான் என்பதை அவை முழுதும் அறிந்தது. பதவி துறக்கும் தளபதியின் அறத்தை அளக்க இக்காட்சி உதவும்.

1938-இல் ஜெர்மானியத் தரைப்படைத் தலைமைப் பணியகத்தின் தலைவராக இருந்தவர் லுட்விக் பெக். அவ்வாண்டு மே 30-இல், செக்கோஸ்லோவாகியாவை நசுக்கும் முடிவை ஹிட்லர் ஆணையாகப் பிறப்பித்தான். அது பிரிட்டனையும் பிரான்சையும் போருக்கு இழுத்து ஜெர்மனியை அழித்துவிடும் என்று பெக் குறிப்புக்கு மேல் குறிப்பாக எழுதினார். ஜூலை 16-இல் மேலும் ஒரு படி சென்றார். அறிவும் மனச்சான்றும் தடுக்குமிடத்தில் படைவீரனின் கீழ்ப்படிதல் முடிகிறது. ஆகவே தளபதிகள் ஒருசேரப் பதவி விலக வேண்டும் என்றார். ஆகஸ்டு 4-இல் கூடிய தளபதிகளுள் பெரும்பாலோர் அவர் அச்சத்தை ஒப்பினர். ஆனால் கூட்டு விலகலைத் தலைமைத் தளபதி பிரௌகிட்ச் முன்மொழியவே இல்லை.

ஆகஸ்டு 18-இல் பெக் தனியே விலகினார். செய்தியை வெளியிடலாகாது என்றான் ஹிட்லர், பெக் இணங்கினார். மியூனிக் உடன்படிக்கை முடிந்து, அக்டோபர் இறுதியில்தான் அது வெளியாயிற்று. அதற்குள் அவர் இருக்கையில் ஹால்டர் அமர்ந்து பணியைத் தொடர்ந்திருந்தார். 1934-இல் ஹிட்லரின் பெயரால் எடுத்த சூளுறவும், நெடுநாள் கீழ்ப்படிந்த பழக்கமும் பதவியோடு கழன்றுவிடவில்லை போலும். வில் முறிந்தது, ஓசை எழவில்லை.

தளபதியரின் விலகல் எங்கும் அறமாகுமா? 1959 ஆகஸ்டு 31-இல் இந்தியத் தரைப்படைத் தலைவர் திம்மய்யா, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுடன் கொண்ட பிணக்கால் விலகல் கடிதம் தந்தார். நேரு வேண்டியதும் அதைத் திரும்பப் பெற்றார். இரண்டு நாள் கழித்து, படைக்கு மேலானது குடியாட்சியே என்பதை நேரு நாடாளுமன்றத்தில் வலியுறுத்தினார். அது நேரிய வாதமே. அமைச்சரைத் தட்டிக் கேட்க மன்றமும் இதழ்களும் தேர்தலும் உள்ள நாட்டில், தளபதியர் கூடி அரசை வளைப்பது பெருந்தீங்கிற்கு வழி திறக்கும். பெக்கின் நாட்டிலோ அவ்வாயில்கள் யாவும் அடைபட்டிருந்தன. அங்கே விலகலைப் பலரறியச் சொல்வதே எஞ்சிய ஒரே முறையீடு.

பெக் கோழையல்லர். ஹிட்லரைக் கொல்லும் முயற்சியில் பங்கேற்று, அது தோற்ற 1944 ஜூலை 20 இரவில் பெர்லினில் உயிர் நீத்தார். அத்தகையவரே 1938-இல் வாய் திறவாதிருந்தார் என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. துறத்தல் தன் கையைத் தூய்மையாக்கும். துறந்த காரணத்தை உரைத்தலே பிறரைக் காக்க முயலும். சொல்லையே படையாகக் கொண்ட நாம் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.