தன் தோட்டத்தைத் தானே கலைத்தவர்

1955-ல், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில், எண்பது கடந்த ஒரு மூதாட்டி தன் வாழ்நாள் தோட்டத்தைப் பிரித்து விற்க முடிவெடுத்தார். அவர் பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட்.

1872-ல் நியூயார்க்கில் பிறந்தவர். நாவலாசிரியை எடித் வார்ட்டன் இவருடைய அத்தை. தோட்ட வடிவமைப்பைச் சொல்லித்தரக் கல்லூரி இல்லாத காலம். பாஸ்டனின் அர்னால்டு மரப்பூங்காவில் சார்லஸ் சார்ஜென்ட்டிடம் மரம் செடிகளைப் படித்தார். 1899-ல் அமெரிக்க நிலவடிவமைப்பாளர் சங்கம் தொடங்கியபோது நிறுவனர்கள் பதினொரு பேர். அதில் ஒரே பெண் இவர். வயது 26.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இவர் செய்ததைப் பாருங்கள். கோடையில் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். யாருமில்லாத வளாகத்தில் பூத்து என்ன பயன்? வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அழகு காட்டும் செடிகளாகத் தேர்ந்தெடுத்தார். நடைபாதைக்கு இடைஞ்சல் இல்லாமல் கட்டடச் சுவரோடு ஒட்டிப் படரவிட்டார்.

வாஷிங்டனின் டம்பார்ட்டன் ஓக்ஸ்தான் இவரது தலைசிறந்த படைப்பு. 1921-ல் தொடங்கிய வேலை. செங்குத்தான சரிவைப் படிப்படியாகத் தளமாக்கினார். வாசலோ தூணோ, கல்லில் கட்டும் முன் அதே அளவில் மாதிரி செய்து அந்த இடத்திலேயே நிறுத்திப் பார்ப்பார். ஐ.நா. சபைக்கு அடித்தளம் போட்ட 1944 மாநாடு நடந்தது இந்த வளாகத்தில்தான்.

பார் ஹார்பர் வீடான ரீஃப் பாயின்ட்டைத் தாவரக் கல்வி மையமாக்க நினைத்திருந்தார். 1947 காட்டுத்தீ ஊரைச் சூறையாடியது, வரிவிலக்கும் கிடைக்கவில்லை. தனக்குப் பிறகு பராமரிப்பில்லாமல் தோட்டம் பாழாவதைவிடக் கலைப்பதே மேல் என்று முடிவு செய்தார். கல்நெஞ்சம் என்று தோன்றலாம். எனக்கு இது தொழில் தெரிந்தவரின் முடிவாகவே படுகிறது. செடிகளை விடுதிக்காரர் சார்லஸ் சாவேஜ் வாங்கி, பார் ஹார்பர் இருக்கும் அதே தீவில் அஸ்டிகூ அசேலியா தோட்டத்தை உருவாக்கினார். அது இன்றும் இருக்கிறது.

இங்கிலாந்தின் தோட்ட வடிவமைப்பாளர் ஜெர்ட்ரூட் ஜீக்கிலின் வரைபடங்களையும் ஃபாரண்ட்தான் 1948-ல் விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். தன் நூலகத்தோடு அவற்றையும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1959-ல் மறைந்தார். இங்கிலாந்தில் ஜீக்கில் போட்ட தோட்டங்களைப் புதுப்பிப்பவர்கள் இன்றும் பெர்க்லியில் உள்ள அந்த வரைபடங்களைத்தான் நாடுகிறார்கள்.