இகாலியாவும் கட்டற்ற மென்பொருள் மாநாடுகளும்

இகாலியா, ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியா மாநிலத்தில் உள்ள ஆ கொருன்யா என்ற துறைமுக நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மென்பொருள் பொறியியல் நிறுவனம். 2001இல் தொடங்கப்பட்டது. கடையில் வைத்து விற்கும் பண்டம் என்று எதையும் இது நம்பியிருக்கவில்லை. உலாவி எஞ்சின்கள், வரைகலை இயக்கிகள், ஜாவாஸ்கிரிப்ட், லினக்ஸ் கெர்னல் போன்ற கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் பிற நிறுவனங்கள் கேட்கும் வேலையைச் செய்து கொடுப்பதே இதன் தொழில். அந்தத் திட்டங்களின் ஆண்டு மாநாடுகளில் உரையாற்றுவது, ஆதரவாளராக இருப்பது, மாநாடுகளைத் தன் ஊருக்கு அழைத்து நடத்துவது ஆகிய மூன்றும் தொடக்க காலம் முதல் இந்நிறுவனத்தின் அன்றாடப் பணியோடு கலந்தவை. நடுத்தர அளவுள்ள ஒரு பொறியியல் நிறுவனம் மாநாடுகளின் வழியாகப் பொதுச் சொத்தான மென்பொருளுக்கு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இகாலியா தெளிவான எடுத்துக்காட்டு.

பின்னணி

இகாலியா தொழிலாளர்களே உரிமையாளர்களாக உள்ள கூட்டுறவு. மேலாளர் அடுக்குகள் இல்லை. முக்கிய முடிவுகளை உறுப்பினர்கள் பொதுக்கூட்டத்தில் கூடி எடுக்கிறார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்டோர் பல நாடுகளில் தத்தம் வீடுகளிலிருந்து வேலை செய்கிறார்கள்.

தொடக்கத்தில் க்னோம் பணிமேடையிலும், நோக்கியா தன் கைக்கணினிகளுக்கும் பேசிகளுக்கும் உருவாக்கிய மேமோ தளத்திலும் நிறுவனம் வேரூன்றியது. 2011 பிப்ரவரியில் நோக்கியா விண்டோஸ் ஃபோனுக்கு மாறப்போவதாக அறிவித்தது. மேமோவின் வழிவந்த தளங்களை நம்பியிருந்த பலரும் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. இகாலியாவோ வெப்கிட் உலாவி எஞ்சினின் க்னோமுக்கான வடிவமான வெப்கிட்ஜிடிகேயில் அதற்கு முன்பே கால் ஊன்றியிருந்தது. அந்த அனுபவத்தைக் கொண்டு உலாவி எஞ்சின்களைத் தன் முதன்மைத் துறையாக ஆக்கிக்கொண்டது. பின்னர் தொலைக்காட்சிப் பெட்டிகள் போன்ற சிறு கருவிகளுக்கான டபிள்யூபிஇ வெப்கிட்டை வளர்த்தது. குரோம் உலாவியின் அடிப்படையான குரோமியத்திலும் வெப்கிட்டிலும், அவற்றை நடத்தும் கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் அடுத்தபடியாக அதிகம் பங்களிக்கும் நிறுவனங்களில் ஒன்றாக உயர்ந்தது.

மாநாடு ஏன் தேவைப்படுகிறது

கட்டற்ற திட்டம் ஒன்றில் யார் வேண்டுமானாலும் நிரல் எழுதி அனுப்பலாம். அது மூலக் களஞ்சியத்தில் சேருமா என்பதைப் பராமரிப்பாளர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேறு நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள். சில வேளைகளில் போட்டி நிறுவனங்களின் ஊழியர்கள். வாடிக்கையாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு எழுதிய நிரல் மூலத் திட்டத்தில் சேராவிட்டால், ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அதைத் தனியே பொருத்தித் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கும். அந்தச் சுமை ஆண்டுக்கு ஆண்டு கூடும். ஆகவே இகாலியா போன்ற நிறுவனத்துக்கு உண்மையான முதலீடு, அதன் பொறியாளர்கள் மீது பராமரிப்பாளர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை முதலில் நல்ல நிரலால் வருகிறது. ஆனால் எழுத்தில் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும் கருத்து வேறுபாடு, இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசும்போது அரை நாளில் தீர்வதுண்டு. எந்த மாற்றத்தை எந்த வரிசையில் அனுப்புவது, எதை முதலில் சோதனைகளால் உறுதி செய்வது, யார் சீராய்வு செய்வது ஆகியவற்றை முன்கூட்டியே பேசி முடிக்க மாநாடு இடம் தருகிறது. வடிவமைப்பில் உள்ள ஓட்டையை, நிரல் எழுதத் தொடங்குமுன் பிறர் சுட்டிக்காட்டவும் அதுவே களம்.

பங்கேற்கும் மாநாடுகள்

ஃபாஸ்டெம்: ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியை ஒட்டிய ஒரு வார இறுதியில் பிரசெல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் சோல்போஷ் வளாகத்தில் நடக்கிறது. கட்டணமோ முன்பதிவோ கிடையாது. ஆயிரக்கணக்கானோர் நேரே வந்து அமர்ந்துகொள்கிறார்கள். நிகழ்ச்சியின் பெரும்பகுதி ‘டெவ்ரூம்’ என்னும் துறைவாரி அறைகளில் நடக்கிறது. ஒவ்வோர் அறைக்கும் உரைகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்தத் துறையில் வேலை செய்யும் தன்னார்வலர்கள். வரைகலை, உட்பொதி கருவிகள், உலாவிகள் ஆகிய துறைகளில் இகாலியப் பொறியாளர்கள் தொடர்ந்து உரையாற்றிவருகிறார்கள். மோசில்லா 2020இல் கைவிட்ட சர்வோ என்னும் உலாவி எஞ்சினை 2023 முதல் இகாலியாவின் குழுவொன்று மீண்டும் வளர்க்கத் தொடங்கியது. அது 2024 ஃபாஸ்டெமிலும் எடுத்துரைக்கப்பட்டது.

குவாடெக்: க்னோம் திட்டத்தின் ஆண்டு மாநாடு. 2000இல் பாரிசில் தொடங்கி ஆண்டுதோறும் ஊர் மாறி நடக்கிறது. 2012இல் ஆ கொருன்யாவில், அந்நகரப் பல்கலைக்கழகத்தின் கணினியியல் புலத்தில் நடந்தது.

எக்ஸ்டிசி: எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளையின் மாநாடு. மெசா வரைகலை நூலகம், கெர்னலின் காட்சி இயக்கிகள், வேலண்ட் காட்சி நெறிமுறை ஆகியவற்றை எழுதுபவர்கள் கூடுமிடம். 2018இலும் 2023இலும் ஆ கொருன்யாவில் நடந்தது. ராஸ்பெரி பை 4 கணினிக்கான வல்கன் என்னும் வரைகலைத் தரநிலையின் திறந்த இயக்கியை எழுதியது இகாலியா. 2020 நவம்பரில் அது வல்கன் 1.0 தரச்சான்று பெற்றது. இத்தகைய இயக்கிகளின் உள்ளமைப்பு சக பொறியாளர்கள் முன் விளக்கப்பட்டுக் கேள்விகளுக்கு உள்ளாவது இந்த மாநாட்டில்தான்.

பிளிங்க்ஆன், வெப்கிட் பங்களிப்பாளர் சந்திப்பு: 2013 ஏப்ரலில் கூகுள் வெப்கிட்டிலிருந்து கிளைபிரிந்து பிளிங்க் எஞ்சினை அறிவித்தது. அதே ஆண்டு பிளிங்க்ஆன் தொடங்கியது. வெப்கிட் சந்திப்பு வெப்கிட்டை எழுதுபவர்களின் கூட்டம். கிளைபிரிந்த பின்னரும் இரண்டு திட்டங்களிலும் தொடர்ந்து வேலை செய்யும் நிறுவனங்கள் சிலவே. இகாலியா அவற்றில் ஒன்று என்பதால் இரு கூட்டங்களிலும் அதன் பொறியாளர்களைக் காணலாம்.

எம்பெடட் லினக்ஸ் மாநாடு: சிறு கருவிகளில் லினக்ஸைப் பயன்படுத்துவோரின் கூட்டம். டபிள்யூபிஇ வெப்கிட்டை ஒரு கருவியில் எப்படிப் பொருத்துவது, நினைவகத்தை எப்படிக் குறைப்பது போன்ற நடைமுறைச் செய்திகள் இங்கே பேசப்படுகின்றன.

வெப் எஞ்சின்ஸ் ஹேக்ஃபெஸ்ட்

இகாலியா தானே நடத்தும் கூட்டங்களில் முதன்மையானது இது. 2009 டிசம்பரில் ஆ கொருன்யாவில் வெப்கிட்ஜிடிகே எழுதுபவர்கள் மட்டும் கூடிய சிறு பட்டறையாகத் தொடங்கியது. பிளிங்க் பிரிந்த பின், ஒரே எஞ்சினைச் சுற்றிக் கூடுவது போதாது என்ற எண்ணத்தில் 2014இல் பெயரும் எல்லையும் விரிந்தன. பெருந்தொற்றால் ஏற்பட்ட இடைவெளிக்குப் பிறகு 2022இல் மீண்டும் தொடங்கியது.

வழக்கமான மாநாட்டில் மேடை பெரிது. இங்கே மேடை உரைகள் குறைவு, கலந்துரையாடல் அமர்வுகள் அதிகம். யாருக்கு எதைப் பற்றிப் பேச வேண்டுமோ அவர்கள் ஒரு தலைப்பை முன்வைக்கிறார்கள். ஆர்வமுள்ளவர்கள் அந்த அறைக்குப் போகிறார்கள். பேசியது குறிப்பாக எழுதி வைக்கப்படுகிறது. குரோமியம், வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ, சர்வோ என்று வெவ்வேறு எஞ்சின்களில் வேலை செய்பவர்கள் ஒரே அறையில் உட்காருவது இதன் தனிச்சிறப்பு. உலாவிச் சந்தையில் தனக்கென ஒரு பெருநிறுவன உலாவி இல்லாத அமைப்பு அழைப்பதால், எல்லாத் தரப்பினரும் தயக்கமின்றி வர முடிகிறது. வலையின் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பில், வலைப்பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழிக்கான பணிக்குழுவும் இகாலியாவின் அழைப்பில் 2020 ஜனவரியில் ஆ கொருன்யாவில் நேரில் கூடியது.

சிஎஸ்எஸ் கிரிட்: நேர்ச்சந்திப்பு தேவைப்பட்ட வேலை

வலைப்பக்கத்தை நிரைகளாகவும் பத்திகளாகவும் பிரித்து அடுக்கும் சிஎஸ்எஸ் கிரிட்டின் வரலாறு, மாநாடுகளின் பயனை அருகிலிருந்து பார்க்க உதவும். மைக்ரோசாஃப்ட் 2012இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10இல் இதன் முன்வடிவைத் தந்தது. நிதித்துறை நிறுவனமான புளூம்பெர்க், தன் பயனர்களுக்கான திரைகளை அடுக்க இந்த வசதி வேண்டும் என்று இகாலியாவுக்குப் பணம் கொடுத்தது. இகாலியா அதைப் பிளிங்கிலும் வெப்கிட்டிலும் எழுதியது. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 52, குரோம் 57, சஃபாரி 10.1 ஆகிய மூன்றும் ஒரே மாதத்தில் கிரிட்டை ஏற்றுக்கொண்டன. வலையில் இவ்வளவு பெரிய வசதி எல்லா முக்கிய உலாவிகளிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்தது மிக அரிது.

அப்படியும் சிறு முரண்கள் எஞ்சின. அவற்றில் ஒன்று: கிரிட்டின் உள்ளே இருக்கும் ஒரு பெட்டிக்கு மேல்பக்க ஓரம் 10% என்று எழுதினால், எதில் 10%? பெட்டி அமர்ந்திருக்கும் பரப்பின் அகலம் 800 பிக்சல், உயரம் 400 பிக்சல் என்று கொள்வோம். அகலத்தைக் கணக்கில் கொண்டால் ஓரம் 80 பிக்சல். உயரத்தைக் கொண்டால் 40. குரோமும் சஃபாரியும் அகலத்தை எடுத்தன. ஃபயர்ஃபாக்ஸும் எட்ஜும் உயரத்தை எடுத்தன. வரையறையும் இரண்டையும் அனுமதித்திருந்தது. இரு தரப்புக்கும் நியாயம் இருந்தது: அகலம் என்பது சிஎஸ்எஸ்ஸின் பழைய வழக்கம், உயரம் என்பது கிரிட்டின் இருதிசைச் சமன்மைக்கு ஏற்றது. பணிக்குழு பலமுறை விவாதித்து, கடைசியில் அகலமே என்று முடிவு செய்தது. ஒரு தரப்பு தன் எஞ்சினை மாற்றிக்கொண்டது. பக்கம் எழுதும் கோடிக்கணக்கானோருக்குக் கண்ணில் படாத இந்த முடிவை எட்ட, எதிரெதிர் உலாவிகளின் பொறியாளர்கள் ஒருவர் சொல்வதை மற்றவர் பொறுமையாகக் கேட்க வேண்டியிருந்தது.

மேத்எம்எல்: பத்தாண்டுக் காத்திருப்பு

கணிதச் சமன்பாடுகளை வலைப்பக்கத்தில் எழுத உதவும் மேத்எம்எல்லின் கதை வேறு வகை. 2013இன் தொடக்கத்தில் குரோம் 24 இதைத் தந்தது. அடுத்த பதிப்பிலேயே நீக்கிவிட்டது. அதன்பின் குரோமில் படிக்கும் மாணவர்களுக்குச் சமன்பாடுகளைப் படமாகவோ, ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் ஒன்றின் துணையாலோ காட்ட வேண்டியிருந்தது. இகாலியா பல அமைப்புகளின் நிதியுதவியோடு இவ்வேலையை எடுத்துக்கொண்டது. பழைய வரையறையை அப்படியே கேட்காமல், உலாவிகள் ஒத்துக்கொள்ளக்கூடிய மேத்எம்எல் கோர் என்னும் சுருங்கிய வரையறையை மற்றவர்களோடு சேர்ந்து வகுத்தது. அதைப் பல கூட்டங்களில் எடுத்துச் சொல்லி, ஐயங்களைத் தீர்த்தது. 2023 ஜனவரியில் வெளிவந்த குரோம் 109இல் மேத்எம்எல் திரும்பியது. உலாவி நிறுவனங்களின் முன்னுரிமைப் பட்டியலில் இல்லாத தேவைக்கும் வெளியிலிருந்து ஒருவர் குரல்கொடுத்து, வேலையும் செய்தால் இடம் கிடைக்கும் என்பதை இது நிறுவியது.

ஆதரவும் செலவும்

மாநாட்டு ஆதரவாளராக ஒரு நிறுவனம் கொடுக்கும் பணம் அரங்க வாடகை, ஒலிப்பதிவு, உணவு, பயண உதவி ஆகியவற்றுக்குப் போகிறது. எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளையும் க்னோம் அறக்கட்டளையும், நிறுவனப் பின்பலம் இல்லாத பங்களிப்பாளர்களுக்குப் பயணச் செலவு தருகின்றன. மாணவர்களும் தன்னார்வலர்களும் இதனால்தான் வர முடிகிறது. உரைகளின் காணொளிகள் பெரும்பாலும் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. எனவே ஒரு நிறுவனம் தன் பொறியாளரை மேடையேற்றும்போது, உள் அறிவாக இருந்தது பொது அறிவாகிறது.

விமர்சனங்கள்

நிறுவனங்களின் பங்கேற்பு குறித்த குறைபாடுகளும் பேசப்படுகின்றன. மாநாடுகள் பெரும்பாலும் மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடப்பதால், ஆசிய, ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நிரலாளர்களுக்கு விமானச் செலவும் விசாவும் தடையாகின்றன. பணம் பெற்று வேலை செய்பவர்களின் குரல் தன்னார்வலர்களின் குரலை மூழ்கடித்துவிடும் என்ற அச்சமும் உண்டு. யார் பணம் தருகிறாரோ அவருக்கு வேண்டியதே முதலில் செய்யப்படும் என்பதும் மறுக்க முடியாதது.

இவற்றுக்கு முழுத் தீர்வு இல்லை. தணிக்கும் வழிகள் உள்ளன. உரைத் தேர்வைச் சமூகத்தின் கையில் விடுவது, பேசியவற்றை எழுதி வெளியிடுவது, 2020க்குப் பின் பரவலான இணையவழிப் பங்கேற்பைத் தொடர்வது ஆகியவை அவற்றில் சில. எந்த முடிவும் கடைசியில் பொதுக் களஞ்சியத்தில், எல்லாரும் பார்க்கும் சீராய்வில் நிலைநாட்டப்பட வேண்டும் என்ற நெறி மிக வலுவான காப்பு. அறைக்குள் பேசித் தீர்த்தது வெளியே நிற்காவிட்டால் அது தீர்வாகாது.

முக்கியத்துவம்

2021இல் உலாவிகளுக்கு இடையிலான முரண்களைக் களையும் ‘காம்பாட் 2021’ முயற்சி தொடங்கியபோது கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றோடு இகாலியாவும் சேர்ந்து நின்றது. அடுத்த ஆண்டு ஆப்பிளும் மோசில்லாவும் இணைய, அது ‘இன்டெராப்’ என்ற ஆண்டுத் திட்டமாயிற்று. உலகின் மிகப்பெரிய நிறுவனங்களின் வரிசையில் ஒரு கலீசியக் கூட்டுறவுக்கு இடம் கிடைத்தது அதன் பணபலத்தால் அல்ல. பல ஆண்டுகள் எல்லா முகாம்களின் கூட்டங்களுக்கும் போய், எல்லாருடைய நிரலையும் படித்து, தன் நிரலை எல்லார் முன்னும் வைத்ததால் கிடைத்தது. கட்டற்ற மென்பொருளில் செல்வாக்கு இப்படித்தான் சேர வேண்டும். சிறிய நிறுவனம் எதுவும், எந்த நாட்டிலிருந்தும், இதே வழியில் நடக்கலாம்.