டொங்க்... டொங்க்... டொங்க்!

இரண்டாம் உலகப்போர் என்றதும் உங்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும்? டாங்கிகள், குண்டுவீச்சு விமானங்கள், நீர்மூழ்கிக் கப்பல்கள்... அந்தப் பட்டியலில் ஒரு மீன்பிடிப் படகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரப்படகுதான். ஐம்பது, அறுபது அடி நீளம். எண்ணெய் டிரம்களுக்குள் ஒளித்துவைத்த மெஷின்கன்கள்தான் ஆயுதம்!

1940 ஏப்ரலில் ஹிட்லரின் படைகள் நார்வேக்குள் புகுந்தன. அங்கிருந்து தப்பிய மீனவர்கள் பலர், தங்கள் படகுகளோடு பிரிட்டனின் ஷெட்லாண்ட் தீவுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். 1941-ல் அந்தப் படகுகளையே வைத்து பிரிட்டிஷார் ஒரு ரகசியப் போக்குவரத்தை ஆரம்பித்தார்கள். இங்கிருந்து போகும்போது ஆயுதங்கள், ஒற்றர்கள், ரேடியோ பெட்டிகள். அங்கிருந்து வரும்போது அகதிகள். ஏதோ டவுன் பஸ் மாதிரி போய்வந்ததால் இதற்கு 'ஷெட்லாண்ட் பஸ்' என்றே பெயர் விழுந்தது!

ஆனால், சொகுசுப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வடகோடியில் கோடைக்காலத்தில் சரியாக இருட்டவே இருட்டாது. ஜெர்மன் விமானங்கள் கண்ணில் மண்ணைத் தூவ வேண்டுமானால் நீண்ட இரவுகள் வேண்டும். அதாவது, குளிர்காலம். அதாவது, வட கடல் கொந்தளிக்கும் காலம்!

அப்போது உயிரைக் காப்பாற்ற வேண்டியது யார்? எஞ்சின். நம்ம ஊர் விசைப்படகு மாதிரி, படகின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் எஞ்சின். நடுக்கடலில் அது நின்றால் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும். அடுத்த பெரிய அலை கவிழ்த்தே விடும்.

பெரும்பாலும் 'செமி டீசல்' ரகம். இதை ஸ்டார்ட் பண்ணுவதே ஒரு தனிக்கலை. பம்ப் ஸ்டவ் போலச் சீறும் புளோ லாம்ப்பால் சிலிண்டரின் தலைப்பகுதியைப் பல நிமிஷம் காய்ச்ச வேண்டும். அது தகதகவென்று ஆனதும் பெரிய சக்கரத்தைச் சுழற்றினால்... 'டொங்க்... டொங்க்... டொங்க்'! பிறகு அந்தச் சூடே எண்ணெயைப் பற்றவைத்துக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆகவே, உப்புத்தண்ணீர் பட்டு கரண்ட் கோளாறு என்ற பேச்சே இல்லை. சத்தம்தான் வெகுதூரம் கேட்கும். அதனால் என்ன? நார்வே கரையோரம் எல்லாப் படகுக்கும் அதே சத்தம்தானே... அதுவே மாறுவேஷம்!

இப்போது அந்த எண்ணெய் நாற்றமடிக்கும் எஞ்சின் அறைக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். எஞ்சினியருக்குக் காதுதான் முதல் கருவி. 'டொங்க்' தாளம் தப்பினால், எண்ணெய் வரும் வழியில் அடைப்பு என்று சந்தேகப்படுவார். புயலில் படகு ஆடும்போது டாங்கின் அடிவண்டல் கலங்கி மேலே வரும், குழாயை அடைக்கும். 'டக்... டக்...' என்று உள்ளே தட்டினால் விஷயம் பெரிசு. எதுவோ தேய்ந்திருக்கிறது, அல்லது விரிசல். கை வைத்துப் பார்த்து சிலிண்டர் அளவுக்கு மீறிச் சுட்டால், குளிர்விக்கும் கடல் தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை என்று அர்த்தம்.

ஆரம்பத்தில் லுன்னா என்ற இடத்தில்தான் முகாம். மறைவான இடம், ஆனால் ரிப்பேர் வசதி இல்லை. அதற்காகவே 1942-ல் முகாமை ஸ்காலோவே துறைமுகத்துக்கு மாற்றினார்கள். எஞ்சின்களோ நார்வே தயாரிப்பு. எதிரி நாட்டுப் பிடியில் இருக்கும் கம்பெனிக்குக் கடிதம் போட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கேட்க முடியுமா? உள்ளூர் பட்டறைதான் கைகொடுத்தது.

அந்த வருஷ அக்டோபரில் வந்தது பெரிய சோதனை. நார்வேயின் கடற்கழி ஒன்றில் பதுங்கியிருந்த ஜெர்மனியின் ராட்சதப் போர்க்கப்பல் 'டிர்பிட்ஸ்'. நீளம் 251 மீட்டர்! அதைத் தகர்க்க, ஆள் உட்கார்ந்து ஓட்டும் இரண்டு டார்பிடோக்களோடு 'ஆர்தர்' என்ற மீன்பிடிப் படகு புறப்பட்டது. தலைவர் லெய்ஃப் லார்சன். எஞ்சினியர் பால்மர் பியோர்னோய். மொத்தம் பத்து பேர்.

நார்வே கரையை நெருங்கிய பிறகு எஞ்சின் மக்கர் செய்தது. திறந்து பார்த்தால், பிஸ்டனில் விரிசல்! சுற்றிலும் ஜெர்மானியர்கள். திரும்பிப் போகவும் முடியாது. ஹெஸ்ட்விக் என்ற சிற்றூரில் ஒதுங்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் உயிரைப் பணயம் வைத்து உதவ, ரிப்பேர் முடிந்தது. மறுபடியும் 'டொங்க்... டொங்க்...'!

டார்பிடோக்களை அடிப்பகுதியில் தொங்கவிட்டு, ஜெர்மன் சோதனைச் சாவடியையும் தாண்டியாயிற்று. இலக்குக்கு இன்னும் சில மைல்தான். திடீரென்று கடல் சீறியது. இரண்டு டார்பிடோக்களும் பிய்த்துக்கொண்டு ஆழத்தில் போய்விட்டன! ஒட்டுப்போட்ட எஞ்சின் கடைசிவரை ஓடியது. யார் கண்ணுக்கும் தெரியாமல் தண்ணீருக்கடியில் இருந்த பிணைப்புதான் கைவிட்டது. வேறு வழியின்றி படகை மூழ்கடித்துவிட்டு, பனிமலைகள் வழியே ஸ்வீடனை நோக்கி நடந்தார்கள். ஒன்பது பேர் போய்ச் சேர்ந்தார்கள். ராபர்ட் எவான்ஸ் என்ற பிரிட்டிஷ் மாலுமி குண்டடிபட்டு, பிடிபட்டு, பின்னர் ஜெர்மானியர்களால் சுட்டுக்கொல்லப்பட்டார். 'டிர்பிட்ஸ்' இன்னும் இரண்டு வருஷம் மிதந்தது. 1944 நவம்பரில்தான் விமானங்கள் அதைக் கவிழ்த்தன.

அந்தக் குளிர்காலத்தில் புயலும் விமானத் தாக்குதலும் சேர்ந்து படகுகளை ஒவ்வொன்றாக விழுங்கின. எத்தனை கெட்டிக்கார எஞ்சினியராக இருந்தாலும், மெதுவாகப் போகும் எஞ்சினை வேகமாக ஓடவைக்க முடியாதே! 1943 கடைசியில் அமெரிக்கா மூன்று கப்பல்களைக் கொடுத்தது: ஹிட்ரா, ஹெஸ்ஸா, விக்ரா. ஒவ்வொன்றிலும் 1,200 குதிரைசக்தி டீசல் எஞ்சின்கள் இரண்டு. அவை நூறு தடவைக்கு மேல் போய்வந்தன. ஒரு உயிர்கூடப் போகவில்லை!

அப்படியானால், அதற்கு முன்பு..? ஸ்காலோவேயில் 2003-ல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். போனவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தால், நாற்பத்து நாலு.