முற்றமே முதற்பள்ளி

நம் ஊரின் பெயரிலேயே ஒரு மரம் இருக்கின்றது. பாதிரியைத் தலமரமாகக் கொண்டதனால் இது திருப்பாதிரிப்புலியூர் ஆயிற்று. ஆயினும், இளங்குழந்தைகளுக்கு மரத்தடியில் கற்பிக்கலாம் என்று எவரேனும் கூறினால் நம்மவர் முகம் சுளிப்பதுண்டு. அது காரணமற்றதன்று. கூரைக்குள் இடம் மறுக்கப்பட்டு வெளியே நின்றவர்கள் நம் முன்னோர். சிதம்பரத்தில் 1916-ஆம் ஆண்டு சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவியது, அந்தக் கூரையை நம் பிள்ளைகளுக்குப் பெற்றுத் தருவதற்கே. எனினும், அதே வெளியிடம் உயர்ந்த கல்விக்கூடமாகிய வரலாறும் ஒன்றுண்டு. அதனை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

ஜெர்மானியக் கல்வியாளர் பிரோபெல், தாம் நடத்திய குழந்தைப் பள்ளிக்கு 1840-இல் ‘கிண்டர்கார்ட்டன்’ எனப் பெயர் சூட்டினார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். அங்கே குழந்தைகள் தம் கையாலேயே பாத்தியில் செடி வளர்த்தனர். 1939-இல் அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், போர்க்காலத்தில் கோடைக்கானலில் தங்கியபொழுது, செடி கொடிகளையும் சிற்றுயிர்களையும் நேரிற் கண்டு கற்கும் முறையை வளர்த்தார். ஆனால், அவர் முறைக்குரிய கருவிகள் ஏழைகளின் கைக்கு எட்டாதவையாக இருந்தன.

அக்குறையை நீக்கியவர் தாராபாய் மோடக் அம்மையார். 1945-இல் மகாராட்டிரக் கடலோரத்துப் போர்டி என்னும் சிற்றூரில் அவர் குழந்தைப் பள்ளி தொடங்கினார். ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகள் அதற்கு வரவில்லை. குழந்தை பள்ளிக்கு வராவிடில் பள்ளி குழந்தையிடம் செல்லட்டும் எனத் துணிந்த அம்மையார், அவர்தம் குடியிருப்பின் முற்றத்திலேயே வகுப்பு நடத்தினார். ‘ஆங்கன்’ என்றால் முற்றம். ‘அங்கன்வாடி’ பிறந்தது அவ்வாறுதான். ‘பால்வாடி’ என்பதைப் பால் வழங்கும் இடம் என்று நம்மிற் பலர் கருதுகின்றனர். மராத்தியில் ‘பால்’ என்பது குழந்தை. ‘வாடி’ என்பது தோட்டம்.

பின்னர்க் கோஸ்பாட் குன்றுப் பகுதியில், மாடு மேய்க்கச் சென்ற வார்லிப் பழங்குடிச் சிறார்க்கு, அவரும் அனுதாய் வாக் அம்மையாரும் மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி அமைத்தனர். விலையுயர்ந்த கருவிகளுக்கு மாற்றாகக் கூழாங்கல்லும் விதையும் இலையும் சிப்பியும் பயன்பட்டன. விதைகளை நிறத்தாலும் அளவாலும் பிரிக்கும் குழந்தை கணக்கின் அடிப்படையைக் கற்கின்றது. மணலில் விரலால் கோடிழைக்கும் குழந்தையின் கை எழுதுவதற்குப் பழகுகின்றது. பறவையின் பெயரைக் கேட்டறியும் குழந்தைக்குச் சொல்வளம் பெருகுகின்றது.

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றபொழுது, அதன் மையங்களுக்கு அங்கன்வாடி என்ற பெயரே நிலைத்தது. தமிழகத்தில் 1982 சூலைத் திங்கள் முதல் சத்துணவும் வந்து சேர்ந்தது. பசித்த வயிற்றுக்குச் சோறு முதற்கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் அங்கன்வாடி என்றதும் நமக்குச் சோறு நினைவுக்கு வருகின்றது. முற்றம் நினைவுக்கு வருவதில்லை. மூன்று வயதுக் குழந்தையை நான்கு சுவர்களுக்குள் அமர்த்தி எழுத்தை மனப்பாடம் செய்விப்பதே உயர்ந்த கல்வி என மயங்குகின்றோம்.

ஈண்டு நாம் ஒன்றைத் தெளிவாக உரைத்தல் வேண்டும். மரத்தடியைக் காட்டி நம் குடியிருப்புக்குக் கட்டடம் மறுப்பாராயின் அதனை ஏற்றல் ஆகாது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க உறுதியான கூரை, தூய குடிநீர், கழிப்பிடம் ஆகியவை நம் குழந்தைகளின் உரிமை. அவ்வுரிமையைப் பெற்ற பின்னர், முற்றத்தை இழந்துவிடுதலும் ஆகாது. இல்லாமையால் வெளியே நிற்பது வேறு. அறிவு கருதி வெளியே செல்வது வேறு.

கெடிலக்கரை மணலும், கேப்பர் மலைச் செம்மண்ணும், தேவனாம்பட்டினக் கடற்கரைச் சிப்பியும் நம் அருகிலேயே உள்ளன. படித்த இளைஞர்கள் வாரம் ஒரு நாள் அங்கன்வாடி ஆசிரியைக்குத் துணைநின்று, குழந்தைகளைப் பாதுகாப்புடன் இவ்விடங்களுக்கு அழைத்துச் செல்லலாம். முற்றத்தில் ஒரு பாதிரிக் கன்றும் நடலாம். வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் இப்பணியை மேற்கொள்ளுமாக!