இருமுகத் தட்டு – 7: பின்பக்கம் இல்லாத பாட்டு

வானொலிக்காரர் ரூபன் வாஷிங்டன் தட்டின் மேல் ஊசியை வைத்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம்.

மெம்பிஸ் நகரம், 1962. டபிள்யூ.எல்.ஓ.கே. வானொலி நிலையம். ஸ்டீவ் கிராப்பர் என்ற இளம் கிடார்க்காரர் கையோடு கொண்டுவந்த மாதிரித் தட்டு அது. ஓடி முடிந்ததும் வாஷிங்டன் வேறு தட்டை எடுக்கவில்லை. அதையே மறுபடி போட்டார். பிறகும் அதையே. நிலையத்துத் தொலைபேசி விடாமல் அடித்தது. வாசிப்பது யார், எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்கள். அது எந்தக் கடைக்கும் வந்திருக்கவில்லை.

இத்தனைக்கும் யாரும் திட்டமிட்டு எடுத்த மெட்டல்ல அது. ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த ஒலிப்பதிவு கைகூடாமல் போனது. கிராப்பர் உட்பட வந்திருந்த நான்கு வாத்தியக்காரர்களும் சும்மா இருக்க முடியாமல் மெதுவான ப்ளூஸ் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நிறுவனர் ஜிம் ஸ்டூவர்ட் சத்தமில்லாமல் டேப்பை ஓடவிட்டார். கேட்டுப் பார்த்ததும் இதைத் தட்டாகவே போடலாம் என்றார். 'பிஹேவ் யுவர்செல்ஃப்' என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. சரி, மறுபக்கத்துக்கு? ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸுக்கு அப்போது 17 வயது. பள்ளி மாணவர். அவரிடம் ஒரு மெட்டு இருந்தது. அதை வாசித்துப் பின்பக்கத்தை நிரப்பினார்கள்.

பெயரில்தான் சிக்கல். மெட்டைக் கேட்ட பாஸ் கிடார்க்காரர் லூயி ஸ்டைன்பெர்க், வெங்காய நெடி அடிக்கிறது என்றாராம். 'ஃபங்கி ஆனியன்ஸ்' என்று முடிவானது. ஜிம்மின் அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் வேண்டாம் என்றார். வீட்டை அடமானம் வைத்து ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் பணம் கொடுத்தவர் அவர். ஸ்டுடியோவின் முகப்பிலேயே இசைத்தட்டுக் கடை நடத்தியவர். வாங்க வருகிறவர்களின் முகம் தெரிந்தவர். 'ஃபங்கி' என்பது அவர் காதில் கெட்ட வார்த்தையாக விழுந்தது. நெடி போய்ப் பச்சை வந்தது. வெங்காயத்தாள், 'கிரீன் ஆனியன்ஸ்'. இந்தக் கதையைப் பலரும் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். எஸ்டெல் அக்காவின் காது வரும் வடிவத்தையே நான் நம்புகிறேன். கடைக் கல்லாவில் உட்கார்ந்தவருக்குத்தான் ஒரு பெயரின் விலை தெரியும்.

வானொலியில் எழுந்த கூச்சலைப் பார்த்த ஸ்டூவர்ட் தட்டைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் முன்பக்கமாகி, ஸ்டாக்ஸ் 127 என்ற எண்ணோடு மறுபடி வந்தது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம், பொதுப் பட்டியலில் மூன்றாம் இடம். இடத்தை நிரப்ப வாசித்த மெட்டு ஒரு நிறுவனத்தையே தூக்கி நிறுத்தியது.

இந்தத் தொழிலின் அன்றைய கணக்கு அப்படி. 45 சுழல் தட்டுக்கு இரண்டு முகம். ஒன்றில் பாட்டு இருந்தால் இன்னொன்றிலும் இருந்தாக வேண்டும். 1909-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பாட்டுக்கு 2 சென்ட் உரிமைத்தொகை. முன்பக்கப் பாட்டு லட்சக்கணக்கில் விற்றால், அதன் முதுகில் ஒட்டிக்கொண்ட பாட்டை எழுதியவருக்கும் அதே 2 சென்ட். அதனாலேயே தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் பெயரில் எதையாவது பின்னால் செருகினார்கள். ஆனால் ஊசியை எந்தப் பக்கம் வைப்பது என்பது வானொலிக்காரர் கையில் இருந்தது. 1969 நவம்பர் வரை பில்போர்ட் பத்திரிகை இரு பக்கங்களையும் தனித்தனிப் பாட்டாகவே எண்ணியது. ஒரே தட்டு பட்டியலில் இரண்டு வரிசையில் நிற்கலாம்.

1968-இல் ஒரு தட்டு அப்படி நின்றது. முன்பக்கம் 'தி ஹவுஸ் தட் ஜாக் பில்ட்', ஆறாம் இடம். பின்பக்கம் 'ஐ சே எ லிட்டில் பிரேயர்', பத்தாம் இடம். ஒத்திகையில் கோரஸ் பாடகிகளோடு விளையாட்டாகப் பாடிப் பார்த்தது அந்தப் பின்பக்கம். இன்று உலகம் பாடுவது அதைத்தான். இரண்டையும் பாடியவர் அரீதா ஃபிராங்க்ளின்.

அதே அரீதாவின் முதல் அட்லாண்டிக் தட்டு, அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால், பின்பக்கம் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. இந்த வாரக் கதை அதுதான்.

*

1967 ஜனவரி 24, செவ்வாய்க்கிழமை. அலபாமா மாநிலத்தில் டென்னசி ஆற்றை ஒட்டிய சிற்றூர் மஸல் ஷோல்ஸ். பல்கலைக்கழக வாசலில் நின்று கறுப்பின மாணவர்களை மறித்த ஜார்ஜ் வாலஸின் மாநிலம். அங்கே ரிக் ஹால் என்பவர் நடத்திய 'ஃபேம்' ஸ்டுடியோவுக்குள் அரீதா நுழைந்தார். வயது 24. கூடவே கணவரும் மேலாளருமான டெட் வைட்.

டெட்ராய்ட்டில் தேவாலயப் போதகர் சி.எல். ஃபிராங்க்ளினின் மகள். கொலம்பியா நிறுவனம் ஆறு ஆண்டுகள் அவரை வைத்துக்கொண்டு ஜாஸ், பிராட்வே பாட்டு என்று என்னென்னவோ பாட வைத்தது. குரலைப் புகழாதவர் இல்லை. தட்டுகள் மட்டும் பெரிதாக விற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அட்லாண்டிக்கின் ஜெர்ரி வெக்ஸ்லர் அவரை அழைத்துக்கொண்டார். பில்போர்டில் நிருபராக இருந்தபோது 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்ற பெயரைச் சூட்டியவரே இந்த வெக்ஸ்லர்தான். அவர் திட்டம் சுருக்கமானது: அரீதாவைப் பியானோ முன் உட்கார வை, மற்றது தானாக வரும்.

உள்ளே காத்திருந்த வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் வெள்ளையர்கள். தாரை வாத்தியங்களுக்காவது கறுப்பினக் கலைஞர்களை வரவழையுங்கள் என்று வெக்ஸ்லர் முன்பே சொல்லியிருந்தார். ஹால் அதைச் செய்யவில்லை. வைட்டின் முகம் ஆரம்பத்திலேயே இறுகியிருந்தது.

எடுக்க வேண்டிய பாட்டு 'ஐ நெவர் லவ்ட் எ மேன்'. டெட்ராய்ட்டைச் சேர்ந்த ரோனி ஷானன் எழுதியது. திஸ்ர நடையில் அசையும் பாட்டு. பியானோவுக்கு என்று அமர்த்தப்பட்டிருந்தவர் ஸ்பூனர் ஓல்டம். அரீதா பியானோவில் கை வைத்து ஒரு கட்டை அழுத்தியதைக் கேட்டவுடன், பியானோவை இவரே வாசிக்கட்டும், நான் எலெக்ட்ரிக் பியானோவுக்குப் போகிறேன் என்று ஒதுங்கிக்கொண்டார். அந்த ஒதுங்கலை நான் சாதாரணமாக எண்ண மாட்டேன். வேலைக்கு வந்த இடத்தில், தன் நாற்காலி இன்னொருவருக்கு உரியது என்று ஒரு நொடியில் புரிந்துகொள்ள எத்தனை பேரால் முடியும்?

ஆனாலும் பாட்டு உட்காரவில்லை. நடை பிடிபடாமல் எல்லோரும் தடுமாறினார்கள். அறை மௌனமாகிக்கொண்டிருந்தபோது ஓல்டம் எலெக்ட்ரிக் பியானோவில் தயங்கித் தயங்கி ஒரு சிறு துணுக்கை உருட்டினார். பாதி கேள்வி போல, பாதி முனகல் போல. யாரோ, அதைப் பிடி என்று கத்தினார்கள். ரோஜர் ஹாக்கின்ஸின் டிரம்ஸ் அதன் அடியில் வந்து சேர்ந்தது. அரீதா வாயைத் திறந்தார். பிறகு நேரமே ஆகவில்லை, பாட்டு முடிந்துவிட்டது. இன்றைக்கு அந்தத் தட்டைக் கேட்டாலும் முதலில் காதில் விழுவது ஓல்டமின் அந்தத் தயக்கம்தான். கொலம்பியாவில் ஆறு ஆண்டுகளில் வராத அரீதா இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டார்.

முன்பக்கம் தயார். அடுத்தது பின்பக்கம்.

அதற்கு சிப்ஸ் மோமனும் டான் பென்னும் எழுதிய 'டூ ரைட் வுமன், டூ ரைட் மேன்' இருந்தது. நல்ல பெண் வேண்டுமானால் நீ நல்ல ஆணாக நட என்பதே தலைப்பின் பேரம். பேரம் கச்சிதம், பாட்டுதான் முடிந்தபாடில்லை. நடுப்பகுதியில் வரி இல்லை. பென் ஒரு சின்ன அறைக்குள் தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தார். வெக்ஸ்லர் தலையை நீட்டி ஒரு பாதி வரியைக் கொடுத்தார். அரீதா வந்து மறுபாதியைக் கொடுத்தார். பென் பிற்காலத்தில் சொன்ன கணக்கு இது. இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்த பாட்டை, பென்னின் மாதிரிக் குரலை வைத்துக்கொண்டு, டிரம்ஸ், பாஸ், கிடார் என்று எலும்புக்கூடாக மட்டும் பதிவு செய்தார்கள்.

அதற்குள் ஸ்டுடியோவின் இன்னொரு பக்கத்தில் வேறொன்று முற்றிக்கொண்டிருந்தது. டெட் வைட்டும் ஒரு டிரம்பெட்காரரும் ஒரே புட்டியிலிருந்து மாறி மாறிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கேலி கிண்டலாக ஆரம்பித்தது, போகப் போக உரசலானது. இந்த ஆளை வெளியே அனுப்பு என்றார் வைட். ஹால் அனுப்பினார். ஆனாலும் காற்று மாறவில்லை. அன்றைய வேலை நின்றது.

இரவு. சமாதானம் பேசலாம் என்று ஹால் அவர்கள் தங்கியிருந்த விடுதிக்குக் கிளம்பினார். போக வேண்டாம் என்று வெக்ஸ்லர் தடுத்தார். ஹாலும் அன்று குடித்திருந்தார், கேட்கவில்லை. கதவைத் தட்டினார். பேச்சு ஏச்சாகி, ஏச்சு கைகலப்பாகியது. விடிவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. வெக்ஸ்லருக்கும் ஹாலுக்கும் இருந்த உறவு முறிந்தது. அரீதாவும் வைட்டும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். ஒரு வாரத்துக்கென்று போட்ட திட்டம் ஒரே நாளில் கலைந்தது.

நியூயார்க் திரும்பிய வெக்ஸ்லரின் கையில் ஒரு முழுப் பாட்டும் ஒரு எலும்புக்கூடும் இருந்தன. முழுப் பாட்டை மாதிரித் தட்டுகளில் வெட்டி, நம்பிக்கையான சில வானொலிக்காரர்களுக்கு அனுப்பினார். கேட்டவர்கள் விடவில்லை. எங்கே தட்டு, எங்கே தட்டு என்று விநியோகஸ்தர்கள் துளைத்தார்கள். ஒற்றைப் பக்கத்தோடு தட்டு விற்க முடியாது. பின்பக்கத்தை முடிக்க அரீதா வேண்டும். அரீதாவைக் காணவில்லை.

தொலைபேசிக்கும் பதில் இல்லை. கணவரோடு பிணக்கு என்று பேச்சு. முன்பக்கம் கிளப்பிய சூடு நாளுக்கு நாள் ஆறிக்கொண்டிருந்தது. தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தட்டு தொட்டும் தொடாமலும் நழுவுவதை வெக்ஸ்லர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் அரீதா வந்தார். நியூயார்க், பிராட்வே தெருவில் இருந்த அட்லாண்டிக் ஸ்டுடியோவுக்கு, தங்கை கரோலினையும் அக்கா எர்மாவையும் அழைத்துக்கொண்டு. நடந்ததைப் பற்றி அங்கே பேச்சே எழவில்லை. அலபாமாவிலிருந்து வந்த எலும்புக்கூடு டேப் ஓடியது. அதன்மேல் அரீதா பியானோ வாசித்தார். பிறகு ஆர்கனில் உட்கார்ந்து அதையும் சேர்த்தார். பிறகு பாடினார். கடைசியாகச் சகோதரிகள் மூவரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று கோரஸை நிரப்பினார்கள்.

மஸல் ஷோல்ஸில் அந்த வெற்றுப் பதிவைக் கேட்டு, நம் பாட்டு பாழ் என்று நொந்திருந்தார் டான் பென். முடிந்த தட்டைக் கேட்டு அசந்துபோனார். அசராமல் எப்படி? சண்டையில் முடிந்த ஒரு நாளின் சாயல் அதில் துளியும் இல்லை. ஆலயத்தில் கேட்கும் பொறுமையோடு ஒரு பெண் தனக்கு வேண்டியதைச் சொல்கிறாள். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. முன்பக்கத்தில் பொய் சொல்லும் ஆணை விட்டு விலக முடியாமல் தவித்த அதே குரல், தட்டைத் திருப்பினால் நிபந்தனை விதிக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் கதை முழுமை. இரண்டாம் முகம் கட்டாயம் என்ற வியாபார விதி இல்லாதிருந்தால், அந்த எலும்புக்கூட்டை யார் தேடி எடுத்து உயிர் கொடுத்திருப்பார்கள்?

1967 பிப்ரவரி 10, தட்டு வெளிவந்தது. அட்லாண்டிக் 2386. முன்பக்கம் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம், பொதுப் பட்டியலில் ஒன்பதாம் இடம். பின்பக்கமும் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் தனியாக ஏறியது.

வெக்ஸ்லருக்கு இப்போது ஒரு முழு ஆல்பம் வேண்டும். மஸல் ஷோல்ஸுக்குப் போக வழியில்லை. ஆனால் அந்த வாத்தியக்காரர்கள் இல்லாமல் அந்தச் சத்தமும் இல்லை. சாக்ஸ்ஃபோன் கலைஞர் கிங் கர்டிஸின் ஆல்பத்துக்கு என்று சொல்லி அந்தப் பையன்களை ஹாலிடமிருந்து நியூயார்க்குக்கு வரவழைத்தார்.

பிப்ரவரி 14. அரீதா பியானோ முன் உட்கார்ந்தார். அன்று அவர் எடுத்த பாட்டு ஏற்கெனவே ஓர் ஆணின் வெற்றிப் பாட்டு. 1965-இல் ஓடிஸ் ரெடிங் எழுதிப் பாடியது. ஓயாத பயணத்தைப் பற்றி ஓடிஸ் அலுத்துக்கொண்டபோது, பக்கத்திலிருந்த டிரம்ஸ்காரர் போகிற போக்கில் சொன்ன ஒரு பதிலில்தான் அதன் தலைப்பு பிறந்தது. அந்த டிரம்ஸ்காரர் நமக்குப் பழக்கமானவர். 'கிரீன் ஆனியன்ஸ்' வாசித்த நால்வரில் ஒருவரான அல் ஜாக்சன்.

அவர் சொன்னது என்ன? வீட்டுக்கு வரும் ஆண் கேட்ட பாட்டை, வீட்டிலிருக்கும் பெண் கேட்கும்படி அரீதா திருப்பியது எப்படி? வெளிவருமுன்பே அந்த டேப்பைத் தன் அலுவலகத்தில் வெக்ஸ்லர் ஓடிஸுக்குப் போட்டுக் காட்டினார். கேட்டு முடித்த ஓடிஸ் என்ன சொன்னார்?

(தொடரும்)