பதில் சொல்லும் கடமை: வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரத்தில் நோயாளர் பங்கேற்பும் உள்ளூர் மருந்தகங்களும்

1. சிக்கலும் முன்வைப்பும்

இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைக் கொண்ட தோல் வட்டாரம் 2019 வரை ஒரே வேலூர் மாவட்டத்துக்குள் இருந்தது. இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்திருந்தாலும் தொழிலும் அதனால் வரும் நோயும் ஒன்றே. இங்கே உழைப்பவர்கள் மூன்று வகையினர்: டேனரிகளில் தோல் பதனிடுபவர்கள்; ஷூ கம்பெனிகளில் தைப்பவர்களும் ஒட்டுபவர்களும் (இவர்களில் பெண்கள் மிகுதி); கம்பெனியிலிருந்து வரும் மேல்பாகத் தோலை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள். முதல் இரு வகையினரில் காப்பீடு செய்யப்பட்டவர்களுக்கு, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யின் மருந்தகம் இருக்கிறது. மூன்றாம் வகையினருக்கு ஊரின் ஆரம்ப சுகாதார நிலையமே கதி.

இந்த மருந்தகங்கள் எப்படி நடக்கவேண்டும் என்பதில் அவற்றுக்குப் போகிறவர்களின் சொல்லுக்கு என்ன இடம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நிர்வாகத் தரப்பு மேலதிகாரியின் ஆய்வை நம்புகிறது. மக்கள் இயக்கங்களின் தரப்பு மக்களின் விழிப்புணர்வை நம்புகிறது. இரண்டும் தேவை என்றாலும் இரண்டும் போதாது. நோயாளரும் பணியாளரும் சேர்ந்து ஒரு மருந்தகத்தைத் திருத்தும் முயற்சி நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது ஒன்றே: நோயாளர் சொன்னதற்குக் குறித்த காலத்தில் பதில் சொல்லும் கடமை பெயர் குறித்த ஓர் அலுவலருக்கு உண்டா? இவ்வட்டாரத்தின் அனுபவமே இதற்குச் சான்று என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

2. நோயாளரின் அறிவு மருத்துவ அறிவே

நோயாளர் பங்கேற்பு என்றதும் காத்திருக்கும் நேரம், குடிநீர், கழிப்பறை போன்ற குறைகளே நினைவுக்கு வருகின்றன. அவை முக்கியமானவை. ஆனால் தோல் வட்டாரத்தில் நோயாளர் கொண்டுவருவது அதற்கும் மேலானது. கையில் ஆறாத புண்ணோடு வருபவர் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறாரா, குரோம் கலவை சுழலும் டிரம்மில் வேலை செய்கிறாரா என்பதைப் பொறுத்து நோய்க்கணிப்பே மாறும். தலைசுற்றலோடு வரும் பெண் பசை ஒட்டும் பிரிவில் இருக்கிறாரா என்று தெரியாமல் இரத்தசோகை மாத்திரை கொடுத்து அனுப்பிவிட முடியும். எந்தப் பிரிவில் என்ன ரசாயனம், எத்தனை மணி நேரம், கையுறை உண்டா, இருந்தும் ஏன் போடுவதில்லை என்பவையெல்லாம் தொழிலாளிக்குத் தெரியும். நாளொன்றுக்குப் பல நோயாளரைப் பார்க்கும் மருத்துவருக்குத் தெரியாது.

சட்டமும் இந்த அறிவைக் கோருகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை குரோமியத்தால் வரும் புண்ணை அறிவிக்கப்படவேண்டிய தொழில்நோயாகப் பட்டியலிட்டது. அத்தகைய நோயாளருக்குச் சிகிச்சையளிக்கும் எந்த மருத்துவரும் அதைத் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று அதன் 89ஆம் பிரிவு விதித்தது. இக்கடமையை நிறைவேற்ற மருத்துவருக்குத் தேவையான முதல் கருவி ஒரு கேள்விதான்: "என்ன வேலை செய்கிறீர்கள்?" அக்கேள்வி கேட்கப்படாத மருந்தகத்தில் தொழில்நோய் கண்ணில் படாது. கண்ணில் படாத நோய் கணக்கிலும் வராது.

இதற்கு வேலூரிலேயே வலுவான முன்னுதாரணம் உண்டு. 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கிய பால் பிராண்ட், சரிசெய்த கைகள் மீண்டும் புண்ணாவதைக் கண்டார். அதன்பின் 1950களின் தொடக்கத்தில் உருவான நவஜீவ நிலையம் என்னும் மறுவாழ்வு மையத்தில் நோயாளரும் பணியாளரும் ஒவ்வொரு காயத்துக்கும் காரணத்தைச் சேர்ந்தே தேடினார்கள். சூடான பாத்திரம், கரடுமுரடான கருவிப்பிடி, உறக்கத்தில் எலிக்கடி எனக் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்ற பழைய நம்பிக்கை உடைந்தது. வலி உணராததால் ஏற்படும் காயங்களே விரல்களைப் பறிக்கின்றன என்பது தெளிவாயிற்று. உணர்வற்ற பாதங்களுக்கு ஏற்ற மென்ரப்பர்ச் செருப்புகள் வேலூரிலும் 1955இல் அமைந்த கரிகிரி தொழுநோய் நிலையத்திலும் செய்யப்பட்டதற்குப் பின்னால் இந்தக் கூட்டுத் தேடல் இருக்கிறது. நோயாளர் தம் அன்றாடத்தைப் பணியாளரோடு சேர்ந்து ஆராய்ந்தபோது மருத்துவமே முன்னேறியது.

3. நல்லெண்ணத்தின் மரபும் அதன் எல்லையும்

அதே கல்லூரியின் மனநலப் பிரிவு 1957இல் மருத்துவர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் முயற்சியில் தொடங்கியது. நோயாளரோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்பது அங்கே வழக்கமாக வேரூன்றியது. 1954இல் நேர்ந்த விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பினார்; 1966இல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நோயாளரின் நிலையைத் தம் உடலால் அறிந்த ஒருவர் நிறுவனத்தை வடிவமைத்தபோது சிகிச்சையின் இலக்கே மாறியது. உயிர்பிழைத்தலோடு நில்லாமல் வீடு, வேலை, ஊர் வரை அது நீண்டது. தண்டுவடம் பாதிக்கப்பட்ட முன்னாள் நோயாளர் ஆண்டுதோறும் திரும்பிவந்து கூடும் மறுவாழ்வு மேளா இன்றும் நடக்கிறது. கணியம்பாடி வட்டாரத்தில் சமூக நலப் பிரிவும், 1977 முதல் கீழ்வைத்தியணான்குப்பத்தில் ரூசா என்னும் ஊரக நலப் பிரிவும் உள்ளூர்ப் பெண்களையே நலப்பணியாளராக்கின.

இம்மரபு போற்றத்தக்கது. ஆயினும் இது ஒரு நிறுவனத்தின் பண்பிலும் அதை நடத்தியவர்களின் மனத்திலும் வேர்கொண்டது. மாறுதலாகி வந்து மாறுதலாகிப் போகும் மருத்துவர்களைக் கொண்ட அரசு மருந்தகத்துக்கு இதை அப்படியே பெயர்த்து நடமுடியாது. அங்கே தேவைப்படுவது ஆள் மாறினாலும் மாறாத ஏற்பாடு.

4. 2007இன் முயற்சி

அத்தகைய ஏற்பாடு ஒருமுறை இங்கே முயலப்பட்டது. 2005 ஏப்ரலில் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம், மருத்துவ சேவையை மக்களே மதிப்பிடும் திட்டத்தை 2007 முதல் ஒன்பது மாநிலங்களில் சோதித்தது. தமிழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து மாவட்டங்களில் வேலூரும் ஒன்று. மற்றவை கன்னியாகுமரி, திருவள்ளூர், பெரம்பலூர், தருமபுரி. கிராமக் குழுவினர் தாய்சேய் நலம், கிராம சுகாதார நர்ஸின் வருகை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் சேவை ஆகியவற்றை மதிப்பிட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறமிட்ட அட்டையில் பதிந்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரே பார்வையில் தம் ஊரின் நிலையைப் புரிந்துகொள்ளலாம். பின்னர் அந்த அட்டை பணியாளரின் முன் வைக்கப்பட்டுத் திட்டமிடலுக்கு அடிப்படையாகவேண்டும்.

இம்முயற்சி மக்களிடமும் பணியாளரிடமும் ஆர்வத்தை எழுப்பியது. ஆனால் தமிழக நலத்துறையின் நிலைத்த நடைமுறையாக அது மாறவில்லை. மகாராட்டிரத்திலோ பொதுவிசாரணைகளுடன் அது ஆண்டுகள் பல தொடர்ந்தது. இரு மாநிலங்களுக்கும் இடையிலான வேறுபாட்டை மக்களின் அக்கறையில் தேடிப் பயனில்லை. கீழே சிவப்பு நிறம் விழுந்தால் மேலே யார் எழுந்து பதில் சொல்லவேண்டும் என்பதில்தான் அதைத் தேடவேண்டும். மகாராட்டிரத்தின் பொதுவிசாரணையில் அலுவலர் ஊரார் முன் அமர்ந்து பதில் சொல்லவேண்டியிருந்தது. இங்கே அட்டை நிரம்பியது. அதைப் பெற்றுக்கொள்ளும் கடமை எந்த நாற்காலிக்கும் நிலையாக எழுதிவைக்கப்படவில்லை.

தோல் தொழிலின் மாசு குறித்த சுற்றுச்சூழல் வழக்கும் இதையே காட்டுகிறது. வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. அத்தகைய தீர்ப்புக்குப் பிறகும் 2025 ஜனவரியில் அதே தோல் மாசு குறித்து அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டு, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொல்லவேண்டியிருந்தது. உயர்ந்த ஆணையும் உள்ளூரில் நாள்தோறும் பதில்கேட்க ஆளில்லாவிட்டால் தேய்ந்துபோகிறது.

5. மறுப்புகள்

கூட்டம் கூடிப் பேசுவதால் நலம் கூடுமா என்ற ஐயம் நியாயமானது. உகாண்டாவில் 50 மருந்தகங்களை எடுத்துக்கொண்டு அவற்றில் பாதியில் ஊராரும் பணியாளரும் கூடிப் பேசச் செய்த முயற்சியை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, மருந்தகப் பயன்பாடு 20 விழுக்காடு உயர்ந்ததாகவும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகவும் கண்டது. அதே நாட்டில் பின்னர் 376 மருந்தகங்களில் நடந்த பெரிய ஆய்வில் சிகிச்சைத் தரமும் நோயாளர் நிறைவும் ஓரளவே உயர்ந்தன. பயன்பாட்டிலும் இறப்பிலும் மாற்றமில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது என் முடிவு இது: மருந்தகத்துக்குள் திருத்தக்கூடியதைக் கூட்டம் திருத்தும், மருந்து வரத்து, காலியிடம், கட்டடம் போன்றவை மேலிருந்து வரவேண்டியவை. ஆகவே பதில் சொல்லும் கடமை மருந்தக வாசலோடு நின்றுவிடாமல் மாவட்டம் வரை ஏறவேண்டும்.

இரண்டாவது மறுப்பு பணியாளருடையது. ஏற்கெனவே சுமை, இதில் குற்றச்சாட்டு வேறா என்பது அவர்கள் கேள்வி. ஈ.எஸ்.ஐ.யில் இது இன்னும் கூர்மையானது. நோய்க்கால உதவித்தொகை சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்கு மருத்துவரின் சான்று வேண்டும். சான்று கேட்பவரும் மறுப்பவரும் எதிரெதிராக நிற்கும் அறையில் நம்பிக்கை எளிதில் உடையும். இதனாலேயே தனி வழக்குகள் குழுவின் முன் வரலாகாது. நடைமுறை மட்டுமே வரவேண்டும். மேலும், மருந்தாளுநர் இடம் காலியாக இருப்பதை மருத்துவர் எழுதினால் அது ஓர் அலுவலகக் கடிதம். தொழிலாளரும் மருத்துவரும் சேர்ந்து எழுதினால் அதைக் கிடப்பில் போடுவது கடினம். பங்கேற்பு பணியாளருக்குக் கிடைக்கும் துணை என்பதை அவர்கள் உணரவேண்டும்.

மூன்றாவது, ஊரின் அதிகாரம். முதலாளியும் ஒப்பந்தக்காரரும் இருக்கும் மேசையில் தினக்கூலித் தொழிலாளி எப்படி வாய்திறப்பார்? தலித் தொழிலாளரும் பெண்களும் குழுவில் பெயரளவுக்கு இருந்தால் பழைய படிநிலை புதிய பலகையின் கீழ் தொடரும். இம்மறுப்புக்கு முழு விடை இல்லை. ஆனால் ஒரு பிரிவில் வேலைசெய்வோர் சேர்ந்து, பெயரின்றி, எண்ணிக்கையாகத் தரும் தகவல் தனியொருவரைக் காட்டிக்கொடுக்காது.

6. இருக்கும் சட்டத்திலிருந்தே தொடங்கலாம்

பிரிட்டனில் 1972இல் ஆக்ஸ்போர்டு அருகே பெரின்ஸ்ஃபீல்டில் மருத்துவர் பீட்டர் பிரிட்சர்ட் போன்றோர் தம் விருப்பத்தால் நோயாளர் குழு தொடங்கினர். இன்று இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரின் அரசு ஒப்பந்தமே அதைக் கட்டாயமாக்குகிறது. நமக்கும் சட்டத்தில் வித்து உண்டு. 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் கீழ் 1950இல் வகுத்த ஒழுங்குவிதிகள், உள்ளூர்க் குழுக்களுக்கு வகைசெய்தன. அரசு அலுவலர், ஈ.எஸ்.ஐ. மருத்துவர், முதலாளி தரப்பு, தொழிலாளர் தரப்பு ஆகியோர் அதில் இடம்பெறுவர். ஆனால் ஆலோசனை சொல்லும் குழுவாகவே அது அமைந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நோயாளர் நலச் சங்கமும், கிராமங்களுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் கட்டற்ற நிதியோடு நலக் குழுவும் ஊரக நலவாழ்வு இயக்கத்தில் உருவாயின. புதிய சட்டத்தைவிட இவற்றுக்கு உயிர்தருவதே முதல் வேலை.

நான்கு மாற்றங்கள் போதும். ஒன்று: ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களின் உள்ளூர்க் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டும். தொழிலாளர் இடங்களில் பாதி பெண்களுக்கும், குறைந்தது ஓரிடம் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் தரப்படவேண்டும். இரண்டு: எழுந்த சிக்கல், பொறுப்பான அலுவலர், பதில் தரவேண்டிய நாள், வந்த பதில் ஆகிய நான்கும் கொண்ட பதிவேடு தமிழிலும் உருதுவிலும் மருந்தகச் சுவரில் ஒட்டப்படவேண்டும், நாள் தவறினால் அச்சிக்கல் தானாகவே மாவட்ட அலுவலருக்குச் செல்லவேண்டும். மூன்று: வெளிநோயாளர் சீட்டில் தொழிற்பிரிவைக் குறிக்கும் ஒரு வரி சேரவேண்டும், எந்தப் பிரிவுகள், என்ன சொற்கள் என்பதைத் தொழிலாளரே மருத்துவரோடு உட்கார்ந்து முடிவுசெய்யவேண்டும். நான்கு: கழுத்துவலி, கண்வலி, விரல்காயம் ஆகியவற்றோடு ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே நிற்கும் வீட்டுத் தையல் பெண்களுக்கு நோயாளர் நலச் சங்கத்தில் இடம் வேண்டும்.

2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு ஈ.எஸ்.ஐ. சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. அதன்கீழ் வகுக்கப்படும் விதிகளில் உள்ளூர்க் குழு விடுபடாமலும், அக்குழுவுக்குப் பதில் சொல்லும் கெடு எழுத்தில் இடம்பெறுமாறும் தொழிற்சங்கங்களும் மருத்துவர் சங்கங்களும் சேர்ந்து வலியுறுத்தவேண்டும். காப்பீடு செய்யப்பட்ட தோல் தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஈ.எஸ்.ஐ.க்குப் பணம் கட்டுகிறார்கள். தாம் கட்டிய பணத்தில் நடக்கும் மருந்தகத்திடம் பதில் கேட்பது அவர்களின் உரிமை.